கூடாரத்தில் இரண்டு பேர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

வாட்ஸப்பில் என்ன அனுப்பினாலும் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் இந்த மின்னஞ்சல். அவசரம் ஒன்றுமில்லை, சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

இங்கே எல்லாரும் நலம். மோட்டார் ரிப்பேர் கதையெல்லாம் அம்மா சொல்லியிருப்பாள். நான் எழுத வந்தது நம் சண்டையைப் பற்றி. அறிவியல் கதை எழுதுவதில் பெரியவர் ஆர்தர் கிளார்க்கா, உர்சுலா லெ குவினா என்று ஆரம்பித்தது பாதியில் நிற்கிறது. நான் கடைசியாகச் சொன்னதற்கு உன்னிடமிருந்து பதிலே இல்லை. அப்பாவை ஜெயிக்க விட்டுவிட்டுப் போகிற பிள்ளையா நீ? பள்ளிக்கூட நாளிலேயே சுஜாதா கதையில் வரும் இயந்திர நாய் ஜீனோ ஏன் அப்படிச் செய்தது என்று சாப்பாட்டுத் தட்டு காயும்வரை வாதாடியவள்.

என் கட்சியில் மாற்றமில்லை, கிளார்க்தான். 'தி ஃபவுன்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' எழுத ஒரு தைரியம் வேண்டும். பூமியிலிருந்து விண்வெளிக்கு லிப்ட் கட்ட வேண்டும். அதற்குப் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு துணைக்கோள் நிற்க வேண்டும். ஆனால் கதை நடக்கிற இலங்கை அந்த ரேகையில் இல்லையே? கதைக்காகத் தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிட்டார் மனுஷன்! லிப்ட் கட்ட வேண்டிய மலையின் உச்சிக்கு, பழைய கதையில் சொன்னபடியே, வண்ணத்துப்பூச்சிகள் வந்து சேர்ந்ததும் பிக்குகள் மடத்தைக் காலி செய்து இறங்குகிற இடம் இருக்கிறதே, அதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது.

நீ சொன்னது நினைவிருக்கிறது. "லிப்ட் கட்டுகிற அந்த இன்ஜினியர் மார்கனுக்குப் பெண்டாட்டி உண்டா, பிள்ளை உண்டா? இதயம் சரியில்லை என்று நெஞ்சில் கட்டிய கருவி கத்துகிறது, அதைக்கூடக் கேட்காமல் மேலே போகிறான். உங்களை மாதிரியேதான் அப்பா." நான் மாத்திரையை ஒழுங்காகத்தான் போடுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அதைச் சொல்.

சரி, உன் கட்சிக்கு வருகிறேன். லெ குவினின் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' திரும்பவும் எடுத்தேன். 1969-இல் வந்தது, இதற்கும் ஹியூகோ, நெபுலா இரண்டும் கிடைத்திருக்கிறது. பரிசைக் காட்டி உன் வாயை அடைக்க வழியில்லை. முதல் பாதி இப்போதும் எனக்கு இழுவைதான். ஆனால் பூமியிலிருந்து அந்தக் குளிர்க் கிரகத்துக்குத் தூதராகப் போன ஜென்லியும் அந்த ஊர்க்காரர் எஸ்ட்ராவனும் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு பனியைக் கடக்கிற பகுதியில் நீ சொன்னதுதான் சரி. ஒரே கூடாரம், ஒரே அடுப்பு, வெளியே எதுவும் இல்லை. தன்னைக் காட்டிக்கொடுத்ததாக அவ்வளவு நாள் நினைத்திருந்த ஆள்தான் தன்னைச் சிறை முகாமிலிருந்து தூக்கிவந்தவர் என்று ஜென்லிக்கு மெதுவாகத்தான் உறைக்கிறது. அந்த ஊரில் ஒருவருக்குப் புத்தி சொல்வதே அவமானமாம். நான் அங்கே ஒருநாள் தாக்குப்பிடிக்க மாட்டேன் என்று அம்மா சொல்கிறாள்.

அவர்கள் கூடாரத்தில் மனப்பேச்சு, அதாவது வாய் திறக்காமல் மனதாலேயே பேசுவது, பழகுகிறார்களே, அதில் பொய் சொல்ல முடியாது. ஜென்லி கூப்பிடுவது எஸ்ட்ராவனுக்குச் செத்துப்போன அண்ணனின் குரலாகக் கேட்கிறது. முதல் தடவை படித்தபோது அந்தப் பக்கத்தை எப்படித் தாண்டிப் போனேனோ தெரியவில்லை.

மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? முன்பெல்லாம் வீடியோ காலில் நீ பேசும்போது காபியோடு குறுக்கே போவார், "மாமா, சுஜாதாவை மறந்துட்டீங்களே" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு. இப்போது காணோம். வேலை அதிகம் என்கிறாய். இருக்கும். விகடனிலிருந்து கிழித்து அம்மா பைண்டு பண்ணி வைத்திருந்த 'என் இனிய இயந்திரா'வை அவருக்குத் தரலாம் என்று பரணிலிருந்து இறக்கினேன். அம்மா வாங்கிப் புரட்டினாள். நிலா காணாமல் போன கணவன் சிபியைத் தேடி அலைகிற இடம் வந்ததும் மூடிவைத்துவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

உன் ஆபீஸில் உனக்குப் பதவி உயர்வு என்று அடுத்த தெருக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. சந்தோஷம்தான். அதை எங்களிடம் சொன்னால் என்ன? வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் ஆன்லைனில் இருக்கிறாய், தூங்கு.

டிசம்பரில் வருவதாக இருந்தால் டிக்கெட் இப்போதே போடு, அப்புறம் விலை ஏறிவிடும். நீ ஒருத்தியாக வந்தாலும் சரி. யாரும் எதுவும் கேட்க மாட்டோம். அம்மா கேட்பாள், அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். அதுவரை மார்கனைப் பற்றியாவது நாலு வரி எழுது. திட்டியே எழுது.

அன்புடன்,
அப்பா