ஒவ்வொரு பெயருக்குக் கீழும் ஒரு வரி: கண்காட்சிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் என் மகளைக் கூட்டிக்கொண்டு இலண்டனில் நடக்கும் உங்கள் கண்காட்சிக்கு வந்திருந்தேன். பிரித்தானிய அரசின் குடியேற்ற நாடுகளுக்கான துணைச் செயலாளர்களின் பெயர்ப் பலகைக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றோம். பெயர், பதவி வகித்த ஆண்டு, பிற்காலத்தில் என்ன ஆனார் என்று ஆளுக்கு மூன்று செய்திகள். கிளாட்ஸ்டன், 1835, பின்னாளில் பிரதமர். சேர்ச்சில், 1905-1908, பின்னாளில் பிரதமர். மக்மில்லன், 1942, அவரும் அப்படியே. "இவங்க எல்லாம் இந்த வேலையில இருந்தப்போ என்ன செஞ்சாங்க அம்மா?" என்று மகள் கேட்டாள். பலகையில் பதில் இல்லை.

அதைத்தான் இரண்டு முறை உங்களுக்கு எழுதினேன். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் ஒரே ஒரு வரி போடுங்கள், அந்தக் காலத்தில் யாருக்கு என்ன முடிவானது என்று. முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு வந்தது: இடப் பற்றாக்குறையாம், அத்துடன் அது ஓர் "இளநிலைப் பதவி"தானாம், முடிவெடுப்பவர் அமைச்சராம்.

இளநிலைப் பதவி என்பது சரி. ஆனால் அமைச்சர் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்திருந்தால் மக்கள் சபையில் குடியேற்ற நாடுகளுக்காக எழுந்து நின்று பேசியவர் யார் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எல்ஜின் பிரபு அமைச்சராக இருந்தபோது அது சேர்ச்சில். தென்னாபிரிக்காவின் டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் கைரேகை பதிந்து பதிவுச் சீட்டு வாங்க வேண்டும் என்ற சட்டத்துக்கு எதிராக 1906 நவம்பரில் காந்தி இலண்டன் வந்து இருவரையும் சந்தித்தார். சட்டம் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டே தன்னாட்சி பெற்ற டிரான்ஸ்வால் அதையே மறுபடி நிறைவேற்ற, இலண்டன் ஒப்புதல் கொடுத்தது. சேர்ச்சில் அப்போதும் அதே நாற்காலியில்தான் இருந்தார். பின்னால் வந்த போராட்டத்தில் சிறைக்குப் போனவர்களில் தமிழர் எத்தனை பேர் என்று தென்னாபிரிக்காவில் கேட்டுப் பாருங்கள். உங்கள் பலகையில் சேர்ச்சிலின் சுருட்டுக்கு இடம் இருக்கிறது.

ஹென்றி கோல்பர்னும் அங்கே இருக்கிறார், 1812-1821. அந்த ஒன்பது ஆண்டுகளும் ஜமைக்காவில் அவருக்கு அடிமைகள் வேலை செய்த ஒரு கரும்புத் தோட்டம் சொந்தமாக இருந்தது. பின்னாளில் நிதியமைச்சர் ஆனார் என்பது மட்டும் இருக்கிறது. அவருக்குப் பின் வந்த வில்மட்-ஹோர்ட்டன் 1831இல் இலங்கைக்கு ஆளுநராக வந்தார். எங்கள் மலைநாட்டின் ஹோட்டன் சமவெளிக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். நல்லது. துணைச் செயலாளருக்கு ஒரு சமவெளியே கிடைத்திருக்கிறது. நான் கேட்பது ஒரு வரி.

இனி, நான் எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணமான பெயருக்கு வருகிறேன். டிரமண்ட் ஷீல்ஸ், 1929-1931. உங்கள் பலகையில் "மருத்துவர், தொழிற்கட்சி உறுப்பினர்" என்று இருக்கிறது. இலங்கையின் ஆட்சியமைப்பை மாற்றுவது பற்றி ஆராய 1927இல் வந்த டொனமூர் ஆணைக்குழுவின் நால்வரில் அவரும் ஒருவர் என்பது இல்லை. 1928இல் அந்தக் குழு கொடுத்த அறிக்கை, படிப்பு, சொத்து எதையும் பார்க்காமல், நாட்டில் ஐந்து ஆண்டு வசித்தவருக்கு வாக்குரிமை என்றது. தோட்டத்துத் தமிழர்களையும் சேர்த்துத்தான் சொன்னது. அடுத்த ஆண்டு ஆளுநர் ஸ்டான்லி அதைச் சுருக்கச் சொல்ல, அமைச்சர் பாஸ்ஃபீல்ட் பிரபு இணங்கினார். 1929 டிசம்பரில் கொழும்புச் சட்டசபையில் டொனமூர் திட்டம் 19க்கு 17 என்று தப்பிப் பிழைத்தது. அதே மாதம் ஷீல்ஸ் துணைச் செயலாளரானார். பாஸ்ஃபீல்ட் பிரபுக்கள் சபைக்காரர், ஆகவே மக்கள் சபையில் பதில் சொல்லும் பொறுப்பு ஷீல்ஸுக்கு. ஐந்து ஆண்டு போதும் என்று கையெழுத்திட்டவரே, அது போதாது என்ற 1931 தேர்தல் ஆணை வந்தபோது அந்தப் பதவியில் இருந்தார்.

அந்த ஆணையின்படி இலங்கையை நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர் என்று காட்டவேண்டும். அல்லது எழுத்தறிவோடு சொத்தோ வருமானமோ இருக்கவேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஐந்து ஆண்டு இருந்ததைக் காட்டி, இங்கேயே குடியிருக்கப் போகிறேன் என்று சொல்லிச் சான்றிதழ் வாங்கவேண்டும்.

என் பூட்டி, இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளரைத் தமிழகக் கரையில் தங்கவைத்த மண்டபம் முகாம் வழியாக வந்தவர். கொழுந்து பறித்தார், லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் பிள்ளை பெற்றார், லயத்திலேயே செத்தார். ஐந்து ஆண்டு இருந்ததற்கு அவரிடம் என்ன ஆதாரம்? பெயர் இருந்தது செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில். செக்ரோல் இருந்தது தோட்டத் துரையின் ஆபீசில். அதைக் கேட்க முதலில் கணக்கப்பிள்ளை, அவருக்கு முன்னால் ஆள் சேர்த்துக் கூட்டிவந்த பெரிய கங்காணி. அப்புறம் சான்றிதழுக்காக ஒருநாள் வேலையை விட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. உங்களுக்குப் புரியாமல் போகலாம்: தோட்டத்தில் ஒருநாள் சம்பளத்துக்குப் பெயரே "பேர்"தான். கொழுந்து எடை குறைந்தால் அரைப் பேர். ஒரு வாக்குக்காக ஒரு பேரை விடுவதா என்று பூட்டன் கேட்டாராம். பூட்டி கடைசிவரை வாக்குப் போட்டதில்லை. அந்தச் சான்றிதழ் ஒரு சதிக்காகிதம் என்றே எங்கள் லயத்தில் நினைத்தார்களாம். எதையாவது எழுதி வாங்கிக்கொண்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். 1948இல் பிரஜாவுரிமையும் போனபோது, இங்கேயே இருப்பவர்கள் என்பதற்குக் கடதாசி எங்கே என்று மறுபடி கேட்டார்கள். அதற்கு முழுக் குற்றமும் இலண்டனுக்கு என்று நான் சொல்லவில்லை. அந்தச் சட்டம் கொழும்பில் போட்டது. ஆனால் எங்களிடம் கடதாசி கேட்கும் பழக்கம் எங்கே தொடங்கியது?

இடமில்லை என்றீர்கள். வெளியே வரும் வழியில் உள்ள கடையில், யானைப் படம் போட்ட சிலோன் தேயிலை டின்கள் ஒரு சுவர் முழுக்க அடுக்கியிருந்தன. சுவரை அளந்து பார்க்க மகள் கையை விரித்தாள், எட்டவில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். நான் கேட்பது பலகையை எடுக்கச் சொல்லி அல்ல, யாருடைய பெயரையும் அழிக்கச் சொல்லியும் அல்ல. ஒவ்வொரு பெயருக்குக் கீழும் ஒரு வரி, அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் நேரமில்லை என்றால் ஷீல்ஸிலிருந்து தொடங்குங்கள். உங்களுக்குச் சிரமம் வேண்டாமென்று வரியை நானே எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்திலும் தனியாக அனுப்பியிருக்கிறேன்:

"இலங்கைத் தோட்டத் தொழிலாளருக்கு ஐந்து ஆண்டு வசிப்பே போதும் என்று 1928இல் பரிந்துரைத்தவர்களில் ஒருவர், அது போதாது என்ற ஆணை 1931இல் வெளியானபோது துணைச் செயலாளர்."

இப்படிக்கு,
கொழுந்து பறித்தவர் ஒருவரின் கொள்ளுப்பேத்தி