கேமரா ஏன் ரெண்டாங்கட்டுக்கு வரல?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் காரைக்குடியில பொண்ணோட போய் ஒரு படம் பாத்தேன், 1930கள்ல தொடங்குற கதை, பாதி பர்மா பாதி செட்டிநாடு. தேக்குத் தூணு, ஆத்தங்குடி கல்லு, முகப்பு, வளவு எல்லாம் கண்ணுக்கு நிறைவா எடுத்திருக்காங்க, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா வளவு முற்றத்துக்குப் பின்னாடி பொம்பளைங்க புழங்குன ரெண்டாங்கட்டு பக்கம் படம் போகவே இல்ல. பொம்பளைங்க என்ன பண்றாங்கன்னா விளக்கு ஏத்துறாங்க, பலகாரத் தட்டு கொண்டு வந்து வைக்கிறாங்க, கப்பலுக்கு கிளம்புறவர பாத்து அழுவுறாங்க, அதோட சரி. ரெண்டு பொம்பளைங்க உக்காந்து ஒரு விஷயம் பேசிக்கிற சீன் ஒண்ணு கூட கிடையாது.

எங்க ஐயா, அதாவது தாத்தா, பர்மாவுல வட்டிக்கடை வேலைக்கு மூணு வருஷக் கணக்குக்கு போவாங்க, வந்து கொஞ்ச நாள் இருந்துட்டு திரும்ப கிளம்பிருவாங்க. அந்த மூணு வருஷமும் நெல்லு வரவு, கூலி, கல்யாணமான குடும்பத்துக்கு இவ்வளவுன்னு கோயிலுக்கு கட்டுற புள்ளி வரி, பங்காளி வீட்டு நல்லது கெட்டது எல்லாத்தையும் எங்க பாட்டி, ஆயாதான் பாத்தாங்க. அவங்க கைப்பட எழுதின கணக்குச் சிட்டை இன்னும் எங்க தகரப் பெட்டியில இருக்கு, யார் யாருக்கு எத்தனை மரக்கா நெல்லு அளந்தாங்கங்கிறது வரைக்கும் அதுல இருக்கு. செட்டியார் வீட்டுப் பொம்பளைங்கள ஆச்சின்னு சொல்லுவோம், ஆச்சிமார் பணம்னே ஒரு கணக்கு உண்டு, சீதனமா வந்த காச கடையில வட்டிக்கு போட்டு வைப்பாங்க, கடல் தாண்டி நடந்த லேவாதேவியில அந்தப் பணமும் சேர்ந்துதான் ஓடிச்சு. 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்தப்ப நம்மாளுங்க காடு மலை எல்லாம் நடந்து வந்தத படத்துல நல்லாவே காட்டுறாங்க, ஆனா உசுரோட இருக்காரா இல்லையான்னு தெரியாம இங்க ஒரு வீடே காத்துக் கிடந்துச்சே, அதுக்கு ரெண்டே ஷாட்.

ஆச்சிமாருக்காவது முகம்னு ஒண்ணு இருக்கு. நெல்லு குத்துனவங்க, மாவு இடிச்சவங்க, ஊருணியில இருந்து தண்ணி சுமந்தவங்க, அவங்க இல்லாம அந்த வீட்டுல ஒரு வேளை அடுப்பு எரிஞ்சிருக்காது, படத்துல அவங்க முதுகு கூட தெரியல.

இந்தப் படத்துக்கு கானாடுகாத்தான்ல ஷூட்டிங் நடந்தப்ப கூட்டத்துல நிக்க எங்க தெருவுல ஏழெட்டு பேர கூப்பிட்டாங்க, நானும் போனேன். ஆயாவோட கண்டாங்கிச் சேலைய எடுத்து பின்கொசுவம் வச்சு கட்டிட்டு போனேன், அப்ப அப்படித்தான் கட்டுவாங்க. ஒரு பொண்ணு வந்து "ஆன்ட்டி, பாக்க நல்லால்ல, கொசுவத்த முன்னாடி வச்சு கட்டுங்க"ன்னு சொல்லிருச்சு. 2019ல புவிசார் குறியீடு வாங்குன சேலை சார் அது! அப்புறம் நிறம் கம்மியா இருந்த எங்கள எல்லாம் தூணுக்குப் பின்னாடி தள்ளிட்டு, வெளியூர்ல இருந்து கூட்டிட்டு வந்த வெளுப்பான பொண்ணுங்கள முன்னாடி நிறுத்துனாங்க. ரெண்டாங்கட்டுல லைட்டு பெட்டி அடுக்கிட்டாங்க, மூணாங்கட்டுல யூனிட்டுக்கு சாப்பாடு. பொம்பளைங்க வாழ்ந்த எடம் பூரா அந்த ரெண்டு கட்டுதான், கேமரா ஒரு நாள் கூட அந்தப் பக்கம் திரும்பல.

அந்தக் காலம் அப்படித்தான்மான்னு எங்க வீட்டுலயே சொல்றாங்க. எந்தக் காலம்? பக்கத்து புதுக்கோட்டையில 1886ல பொறந்த முத்துலட்சுமி ரெட்டி டாக்டருக்குப் படிச்சு 1927ல மெட்ராஸ் சட்டசபையில துணைத் தலைவரா உக்காந்தாங்க. முதல் தமிழ் பேசும் படத்துல நடிச்ச டி.பி. ராஜலட்சுமி 1936லயே சொந்தமா படம் டைரக்ட் பண்ணிட்டாங்க. அதே 1936ல நடக்குறதா காட்டுற படத்துல பொம்பளைக்கு பேச வசனம் இல்லன்னா அந்தக் காலத்து மேல பழி போடுறது நியாயமா சார்?

எங்க ஊருக்கு படம் எடுக்க வர்றவங்க வீட்டு சொந்தக்காரர்கிட்ட வாடகை பேசுறதோட நிறுத்தாம, அங்க இருக்குற வயசான ஆச்சிகிட்டயும் அந்த வீட்டுல வேலை பாத்த அம்மாகிட்டயும் ஒரு மணி நேரம் உக்காந்து பேசட்டும், ஆயாவோட சிட்டைய நானே எடுத்துக் காட்டுறேன்.

இப்ப இன்னொரு பழைய காலத்துப் படத்துக்கு ஆள் கேட்டு வந்திருக்காங்க. அதே கண்டாங்கிய பின்கொசுவம் வச்சு கட்டிட்டுதான் போகப் போறேன், மாத்தச் சொன்னா மாத்த மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
காரைக்குடி.