கட்டிப்போடும் முன் காய்ச்சலைப் பாருங்கள்

ஆசிரியருக்கு, சென்னையில் மெத்தம்பெட்டமைன் என்ற போதைப்பொருள் பிடிபட்ட செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். எத்தனை கிராம், எத்தனை பேர் கைது எல்லாம் இருக்கிறது, சரி. அதை அளவு மீறி எடுத்தவன் நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. நான் செவிலியர். ஒருமுறை ஒரு கல்லூரிப் பையனைக் கை கால்களைத் துண்டால் கட்டி, ‘குடித்துவிட்டுக் கலாட்டா பண்ணுகிறான்’ என்று தூக்கி வந்தார்கள். சாராய வாடையே இல்லை. கண்மணிகள் விரிந்திருந்தன, சட்டையைப் பிழியலாம் போல வியர்வை, உடல் சூடு 106 டிகிரி.

ஆளைக் கொல்வதில் அந்தச் சூட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. கட்டிப்போட்டால் திமிறத் திமிற இன்னும் ஏறும், தசை சிதைந்து சிறுநீரகமும் பழுதாகும். ஓபியம் வகைக்கு நலோக்சோன் இருப்பதுபோல இதற்கு முறிமருந்து கிடையாது, பாராசிட்டமாலும் உதவாது. லோராசெபாம் அல்லது டயசெபாம் ஊசி போட்டு அமைதிப்படுத்தி, ஐஸ் தண்ணீரால் உடனே குளிரவைப்பதுதான் முதல் வேலை. 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் தாலுகா மருத்துவமனைகளுக்கும் இதைத் தமிழில் ஒரே பக்கமாக அச்சிட்டு அரசு கொடுக்கலாம். போலீஸ் விசாரணை அப்புறம் நடக்கட்டும்.

— ஒரு செவிலியர், சென்னை