ஆண்டறிக்கை: ஆடல், கலை உரையாடல் வட்டம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கல்லூரி முடிந்து வேலைக்குப் போனதும் ஆட்டம் பார்ப்பது நிற்பதில்லை, அதைப் பற்றிப் பேசுவதுதான் நிற்கிறது. "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விடுகிறோம். வண்ணாரப்பேட்டையில், பரதநாட்டியம் முதலிய ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்துப் பேசும் நம் ஞாயிறு மாலை வட்டம் நடப்பது அதற்காகத்தான்.

வட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் நாலு பேர் மட்டும் பேசுவார்கள், மற்றவர்கள் செல்போனுக்குள் போய்விடுவார்கள். ஆகவே இரண்டாகப் பிரித்து உட்கார வைக்கிறோம். வீடியோ ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அதையே மூன்று முறை போடுகிறோம்: பாட்டோடு, சத்தத்தை நிறுத்தி, மறுபடி பாட்டோடு. சத்தம் இல்லாதபோதுதான் அரைமண்டி, அதாவது முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலை, மெல்ல மெல்ல உயர்ந்துபோவதும், அடவின் (அடிப்படை ஆட்ட அசைவின்) முடிவில் கை நிற்க வேண்டிய இடத்தில் நிற்காததும் தெரியும். மிருதங்கம் கூடவே ஒலித்தால் இந்தக் குறைகள் மறைந்துவிடும். முதல் சுற்றில் கண்ணில் பட்டதை மட்டும் சொல்லலாம். பிடித்ததா இல்லையா என்பது கடைசிச் சுற்றுக்கு.

புதியவர்களுக்குப் பரதநாட்டியக் கச்சேரியின் தொடக்க உருப்படியான அலாரிப்பிலிருந்து தொடங்குகிறோம். அதில் சாகித்யம் (பாட்டு வரிகள்) கிடையாது, சொற்கட்டு (தாளச் சொற்கள்) மட்டும்தான். பாட்டின் பொருளைச் சொல்லித் தப்பிக்க முடியாது. கண், கழுத்து, தோள் என்று அசைவு எப்படி விரிகிறது என்று பார்த்தே ஆக வேண்டும். கச்சேரியின் நீண்ட, மைய உருப்படியான வர்ணத்துக்கு வந்தால் ஒரே ஒரு வரியை எடுக்கிறோம். அதே வரி திரும்பி வரும்போது அபிநயத்தில் (முகத்தாலும் கையாலும் பொருளைக் காட்டுவதில்) என்ன மாறியது, எது வெறும் திரும்பச் சொல்லல் என்று பிரிப்பதற்கே மாலை முழுக்கப் போய்விடும். போகட்டும்.

அதிகம் தடம் புரண்டது வரலாற்றில். 1935இல் நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அடையாறில் மேடையேறியது, 1947இல் பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் தடை செய்தது என்று ஆரம்பித்தால், திரையில் ஓடும் ஆட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. இது பேச வேண்டிய விஷயம்தான், ஆனால் பார்த்த பிறகு. பாரிமுனைப் பக்கம் உள்ள நம் தமிழ் இசைச் சங்கத்தின் 1975 மாநாட்டில் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி ஆற்றிய உரை இதற்கு உதவியது. அலாரிப்பைக் கோபுர வாசலாக வைத்து, மார்க்கத்தையே, அதாவது கச்சேரியில் உருப்படிகள் வரும் வரிசையையே, கோயிலுக்குள் நுழைவதாக அவர் விளக்கினார். சிலர் அந்த உவமையையே பதிலாக ஒப்பித்ததால், "பதம் ஏன் வர்ணத்துக்குப் பிறகு வருகிறது?" என்று (பதம் என்பது அபிநயத்துக்கான மெதுவான பாட்டு) கேட்க ஆரம்பித்தோம். நீண்ட வர்ணத்தில் உடல் உழைத்த பின் வேகம் தணிந்து முகத்துக்கு இடம் கிடைக்கிறது என்று ஒருவர் சொன்னது நல்ல பதில்.

பாலசரஸ்வதியின் பாட்டி வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுனில் வாழ்ந்தவர். இந்தக் கலைக்கும் வடசென்னைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு அது போதும். பறையாட்டத்துக்கும் கானா மேடை ஆட்டத்துக்கும் இதே மூன்று முறைதான். அங்கே மட்டும் "எனர்ஜி" என்ற ஒரே வார்த்தையோடு முடிப்பது சோம்பேறித்தனம். அடி எந்த இடத்தில் விழுகிறது, கால் அதற்கு முன்பா பின்பா என்று கேட்டால் பேச்சு தானாக நீளும்.

வரும் ஆண்டில் ஓவியத்துக்கும் சில ஞாயிறுகளை ஒதுக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரே படத்தின் முன் இருபது நிமிடம் நிற்கலாம். ஸ்பீக்கர் கரகரப்பதால் புதிதாக ஒன்று வாங்க ஒப்புதல் தேவை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்