பட்டாசுத் தொழிலாளர் பயிற்சி: பாடம் யாருக்காக எழுதப்படுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலை விபத்து நேரும்போதெல்லாம், நிவாரணத் தொகை பற்றிய செய்தியை அடுத்து, தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி தீவிரப்படுத்தப்படும் என்ற செய்தியும் வருகிறது. பயிற்சி வகுப்புகள் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் அந்த வகுப்பில் தொழிலாளியின் கையில் கொடுக்கப்படும் பாடம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, அதைப் படித்தோ கேட்டோ அவர் மறுநாள் காலையில் எதை மாற்றிச் செய்வார் என்ற கேள்வியை யாரும் எழுப்புவதாகத் தெரியவில்லை.

நான் பார்த்த கையேடுகளில் பெரும்பாலானவை 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளைச் சுருக்கித் தமிழில் தந்தவையே. 'கூடாது', 'வேண்டும்' என்று முடியும் வாக்கியங்கள் பக்கம் பக்கமாக நீளும். உரிமம் வைத்திருப்பவருக்கும் ஆய்வுக்கு வரும் அலுவலருக்கும் அது பயன்படலாம். பதினைந்து ஆண்டுகளாகப் பட்டாசுக் குழாய்களில் வெடிமருந்து செலுத்தி வரும் ஒருவரோ அதைக் கேட்டுவிட்டு, "இத்தனை வருஷமா இப்படித்தான் செய்யறோம், ஒண்ணும் ஆகலையே" என்று மனத்துக்குள் பதில் சொல்லிக்கொள்கிறார். அந்தப் பதிலை எதிர்கொள்ளாத பாடம் எதுவும் அவரிடம் ஒட்டாது. பள்ளிப் பிள்ளைக்கு இல்லாத அனுபவம் அவருக்கு உண்டு. அதை மதித்து, அதனோடு வாதிட்டுத்தான் புதிய செய்தியைச் சொல்ல முடியும்.

எடுத்துக்காட்டாக, பருத்தி ஆடை உடுத்த வேண்டும், அறைக்குள் நுழையும் முன் வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட வேண்டும் என்ற இரண்டு விதிகளை எடுத்துக்கொள்வோம். காரணம் தெரியாதவர்களுக்குத் தகட்டைத் தொடுவது ஒரு சடங்காகி, அவசரத்தில் விட்டுப்போகிறது. வறண்ட காற்று வீசும் ஒரு நாளில் பிளாஸ்டிக் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை இழுத்துக் காட்டினால், உடம்பிலும் நைலான் சேலையிலும் அதே மின்னேற்றம் சேர்கிறது என்பதும், தகட்டைத் தொட்டால் அது தரைக்கு இறங்கிவிடுகிறது என்பதும், மருந்துத் தூளுக்குச் சிறு பொறியே போதும் என்பதும் சில நிமிடங்களில் விளங்கிவிடும். சீப்பும் காகிதமும் தவிர இதற்குச் செலவு ஏதுமில்லை.

மீதமான மருந்தை மறுநாளுக்கு வைத்திருக்கக் கூடாது என்ற விதியும் அப்படிப்பட்டதே. மருந்து நீர்த்துப்போய், அதாவது ஈரம் ஏறி, வெடித்தது என்று செய்தித்தாளில் படிக்கிறோம். அலுமினியத் தூள் ஈரத்தோடு வினைபுரிந்து வெப்பத்தை வெளிவிடுகிறது என்பதும், குவியலின் நடுவே அந்த வெப்பம் வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போகிறது என்பதும் கையேட்டில் இருப்பதில்லை. சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வேலைக்கு வருபவர்களில் பலர் விவசாயக் குடும்பத்தினர். ஈரம் காயாமல் அடைந்த வைக்கோல் படப்புக்குள் கையை விட்டால் சுடும் என்பது அவர்களுக்குத் தெரியும். காரணம் வேறானாலும், வெளியே தெரியாமல் உள்ளே சூடேறுவது இரண்டுக்கும் பொது. அவர்கள் ஏற்கெனவே அறிந்த இதிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், அனுபவமற்ற லட்சக்கணக்கானோரை ஆலை வேலைக்குப் பழக்க வேண்டிய நெருக்கடியில், அமெரிக்கா 1940 முதல் 1945 வரை தொழிலகங்களுக்குள்ளேயே ஒரு பயிற்சித் திட்டத்தை நடத்தியது. மேற்பார்வையாளர்களுக்குச் சட்டைப் பையில் அடங்கும் ஓர் அட்டை தரப்பட்டது. தொழிலாளியைத் தயார்ப்படுத்துவது, வேலையைச் செய்து காட்டுவது, அவரையே காரணம் சொல்லிச் செய்ய வைப்பது, பின்னர் தொடர்ந்து கவனிப்பது என நான்கு படிகள் அதில் இருந்தன. தொழிலாளி கற்கவில்லை என்றால் பயிற்றுநர் கற்பிக்கவில்லை என்று பொருள் என்ற வாசகமும் அதில் அச்சிடப்பட்டிருந்தது. போருக்குப் பிறகு ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் இம்முறையைத் தனதாக்கிக்கொண்டது. நம் ஆலைகளின் போர்மேன்களுக்குத் தேவைப்படுவது தடித்த கையேடு அன்று, இத்தகைய ஓர் அட்டைதான். மருந்துக்குப் பதில் மணலையும் வெற்றுக் குழாய்களையும் வைத்து, காலையில் வேலை தொடங்கும் முன் பத்து நிமிடம் செய்து பார்க்க வைக்கலாம். அதே ஆலையின் அறை ஒன்றைப் படம் எடுத்து, இதில் என்ன தவறு என்று கேட்கலாம். வருகைப் பதிவேட்டில் வாங்கும் கையெழுத்து கற்றதற்குச் சான்றாகாது.

பாடம் ஈர்ப்புடன் இருக்க வேண்டும் என்றவுடன் கார்ட்டூன் படம் எடுக்கக் கிளம்பிவிடுவதும் நடக்கிறது. பேரன் பேத்தி எடுத்தவர்களிடம் பேசும் பொம்மையைக் காட்டுவது எனக்கு அவமதிப்பாகவே படுகிறது. ஆலைக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை என்பதால், வேன் பயணத்தில் கேட்கும்படி மூத்த தொழிலாளர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்து தருவது இதைவிடப் பயன் தரும். எழுத்து வாசிக்கத் தயங்குபவர்களுக்கும் அது சென்று சேரும். வயது வந்தோருக்கு அவர்களுடைய வாழ்க்கையிலிருந்தே பாடம் அமைப்பது நமக்குப் புதிதன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி தரப்படும் இடத்தில், நிதானமாகச் செய் என்று சொல்லும் பாடம் வாரக் கூலியைக் குறைக்கச் சொல்லும் பாடமாகவே கேட்கும். பயிற்சி நேரத்துக்கும் கூலி உண்டு என்று ஆலை உரிமையாளர்கள் உறுதியளிக்காதவரை எவ்வளவு திறமையாக எழுதப்பட்ட பாடமும் பாதி வழியில் நின்றுவிடும்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில், உதவச் சென்றவர்களும் வேடிக்கை பார்க்கச் சென்றவர்களும் உயிரிழந்தார்கள். எனவே ஆலையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் ஒரு பாடம் தேவை. புகை எழுந்தால் எவ்வளவு தூரம் விலகி நிற்பது, யாருக்குத் தகவல் சொல்வது என்ற அளவில் அது இருந்தால் போதும். அடுத்த முறை பயிற்சிக் கையேடு அச்சுக்குப் போகும் முன், அதன் வரைவைச் சில ஆலைகளின் போர்மேன்களிடமும் மருந்து அறையில் வேலை செய்பவர்களிடமும் வாசித்துக் காட்டி, அவர்கள் புரியவில்லை என்று சொல்லும் இடங்களைத் திருத்திய பிறகே அச்சிடுமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்,
சாத்தூர்.