மாதுவுக்கு, நீல டிராக் சூட் பற்றி

காவேரிப்பட்டணம்
22-6-2025

அன்புள்ள மாது,

திட்டுவதென்றால் முதலில் திட்டி முடித்துவிடு. பொங்கலுக்குப் பிறகு உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. முழங்கால் ஆப்பரேஷனுக்குக் கண்டிப்பாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவும் இல்லை. காரணம் சொன்னால் நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. மல்லிகா உன் வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். பெங்களூரா மாங்காய் விலையை மட்டும் கேட்காதே. பறிகூலியும் வண்டி வாடகையும் போக மிஞ்சியதில் ஒரு நல்ல வாலிபால் வாங்கலாம். முனியப்பன் இன்னும் அந்த நெட்டைத் திருப்பித் தரவில்லை.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொல்ல வந்த விஷயத்தைப் போனில் ஆரம்பித்தால், "அதை விடுடா, அங்கே மழை உண்டா?" என்பாய். 34 வருடமாக அப்படித்தான் தப்பித்துவருகிறாய். காகிதத்தில் மழையைக் கேட்க முடியாது பார்.

என் பெண் சுடர் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். சென்னையில் இல்லை. நம் பக்கத்திலேயே, அந்தச் சின்ன அரசுக் கல்லூரியில். எது என்று உனக்கே தெரியும். பி.எஸ்சி. இயற்பியல்.

"தெரியுமே" என்று நீ இப்போது சிரிப்பாய். இரு, அதற்கும் வருகிறேன்.

மே மாதம் சென்னையில் அந்தப் பெரிய இடத்துக்கு வாலிபால் அணித் தேர்வுக்குப் போனோம். பெயர் எழுதவில்லை, தனியார், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், உள்ளே பஸ் விடுகிற அளவுக்கு இடம். உள்ளரங்கத்தில் மரத்தரை. சுடர் ஷூவைக் கழற்றிவிட்டுக் கால் வைக்கலாமா என்று யோசித்தாள். வந்திருந்த பெண்களையெல்லாம் பார்த்தால் கழுத்து வலித்தது. இவள் ஐந்தடி இரண்டு அங்குலம். கொக்குக் கூட்டத்தில் ஒரு காடை. ஆனால் எதிரிலிருந்து வருகிற சர்வீஸை எடுக்க விட்டார்கள் பார், அப்போது உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் எழுந்து நின்றார். எந்தப் பக்கம் போட்டாலும் பந்து, அடிக்கத் தூக்கிக் கொடுக்கிற லிஃப்டர் தலைக்கு மேல் போய் நின்றது. நான் மேலே கேலரியில் உட்கார்ந்துகொண்டு அழுதேன் என்று மல்லிகா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அங்கே ஏ.சி. அதிகம், அவ்வளவுதான்.

பத்து நாளில் கடிதம் வந்தது. கட்டணம் இல்லை, விடுதி இல்லை, சாப்பாடு இல்லை. எல்லாம் இலவசம் என்கிறேன், பயப்படாதே. அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான் ஊரைச் சுற்றியதைப் பார்த்திருந்தால் நீ மானத்தை வாங்கியிருப்பாய். டீக்கடையில் கேட்காதவனிடமும் காட்டினேன். வருடா வருடம் புதுப்பிக்கப்படும், அணியில் இடம்பெறும் வரை சலுகை உண்டு, ஒதுக்கப்படும் பாடப்பிரிவில் சேரவேண்டும் என்றெல்லாம் கீழே பொடி எழுத்தில் இருந்தது. நான் மேலே தடித்த எழுத்தோடு நிறுத்திக்கொண்டேன். கீழே படித்தவள் அவள்தான்.

"அப்பா, அங்கே என்னைப் போல் பின்வரிசையில் பந்து எடுக்க மட்டும் இறங்குகிற லிபரோ ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருத்தி இப்போதுதான் முதல் வருடம் முடித்திருக்கிறாள், இன்னொருத்தி இரண்டாம் வருடம். நான் கேட்டேன்."

தேர்வுக்குப் போன இடத்தில் அதையெல்லாம் கேட்டிருக்கிறாள்! நாம் அந்த வயதில் கழிப்பறை எங்கே என்று கேட்கவே கூச்சப்பட்டவர்கள்.

அப்புறம் நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினாள். பட்டியலில் 12 பேர். அதில் லிபரோ இரண்டு பேருக்கு மேல் போட முடியாது. அவர்களில் ஒருத்தி படித்து முடித்துப் போகும் வரை இவள் மூன்றாவது. மூன்றாவது லிபரோ என்றால் பெஞ்ச்சில்கூட இடம் இல்லை, கேலரிதான். சட்டையே வேறு நிறத்தில் போட்டுக்கொண்டு ஆடுகிற ஒரே ஆள் லிபரோ. அந்தச் சட்டையே கிடைக்காது. லிபரோ நெட்டுக்கு மேலே அடிக்கக்கூடாது, பிளாக்குக்குக் கை தூக்கக்கூடாது, அதனால் "சரி, வேறு இடத்தில் ஆடு" என்று இந்த உயரத்துக்கு யாரும் சொல்லப்போவதில்லை. பெண்கள் நெட் 2.24 மீட்டர்.

இன்னொரு விஷயத்தையும் அவள்தான் எனக்குப் புரியவைத்தாள். நிகர்நிலை என்றால் அந்த இடம் முழுவதுக்கும் ஒரே அணி. அந்த 12-க்குள் இருந்தால்தான் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. நம் பக்கத்து அரசுக் கல்லூரி சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கு மாவட்டத்துக் கல்லூரிகளும் தனித்தனியாக அணி இறக்கும். முதலில் கல்லூரிக்காக மண்டலப் போட்டி ஆடு, அதில் கண்ணில் பட்டால் பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு அழைப்பார்கள், அப்புறம் கேம்ப், அப்புறம் தென்மண்டலம். அங்கே முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் அகில இந்தியப் போட்டி. கல்லூரி எவ்வளவு சின்னது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பத்து மேட்ச் ஆடிக்காட்டிவிட்டுத் தேர்வுக்குப் போவதும், பத்து மாதம் பந்து பொறுக்கிவிட்டுப் போவதும் ஒன்றா என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

பல்கலைக்கழகத்துக்காக ஆடினால்தான் ஃபார்ம் 3 சான்றிதழ் என்பது உனக்குத் தெரியாததா. இந்தியாவுக்கு ஆடினால் ஃபார்ம் 1, மாநிலத்துக்குத் தேசியப் போட்டியில் ஆடினால் 2, பள்ளித் தேசியப் போட்டி என்றால் 4. மத்திய அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் மனுப் போடும்போது அந்த ஒற்றைத் தாளைத்தான் கேட்கிறார்கள். நீயும் நானும் அந்தத் தாள் இல்லாமல் பட்டதையெல்லாம் அவளிடம் கதையாகச் சொல்லியிருக்கிறேன். அவள் அதைக் கணக்காக எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இவ்வளவும் புரிந்த பிறகும் நான் ஒத்துக்கொள்ளவில்லை, மாது. நான்கு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. "மண் தரையில் உருண்டு முட்டியை உடைத்துக்கொள்ளவா உன்னைச் சென்னை வரை கூட்டிக்கொண்டு போனேன்?" என்று கத்தினேன். "களி தின்று வளர்ந்த புத்தி காசில்லாத பஸ்ஸில்தான் போகும்" என்றும் ஒரு வார்த்தை வந்துவிட்டது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தக் களிதான் எனக்கும் சோறு.

சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு அன்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் டி.வி.எஸ். 50-ல் கூட்டிக்கொண்டு போனேன். விளையாட்டுச் சான்றிதழ் வைத்திருப்பவர்களைப் பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே கூப்பிட்டுவிடுகிறார்கள். அங்கே பி.டி. மேடம் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக் கேட்டார்: "இயற்பியல் என்றால் மதியத்தில் லேப் வரும். நான் காலை ஆறரைக்குத்தான் பிராக்டிஸ் வைப்பேன். முதல் பஸ்ஸைப் பிடிப்பாயா?" அப்புறம், "போட்டிக்குப் போகிற நாளுக்கு வகுப்புக்கு வந்ததாக ஓ.டி. போட்டுத் தருவேன், ஆனால் விட்டுப்போன ரெக்கார்டை நீதான் எழுதவேண்டும்" என்றார். மூன்று வருடத்தில் என்ன கிடைக்கும் என்று அவர் சொல்லவே இல்லை. எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துவிட்டது. சுடரிடம் சொல்லவில்லை.

சரி, இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் அவள் போனில் எதையோ தேடும்போது உன் பெயர் கண்ணில் பட்டது. 47 நிமிடம். சென்னைக் கடிதம் வந்த மறுநாள் இரவு. "மாது மாமாவிடம்தான் முதலில் கேட்டேன்" என்றாள், சாதாரணமாக. மாமா என்ன சொன்னார் என்று கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னாள்.

மூன்று வருடத்தில் இரண்டே மேட்ச்சா, மாது? அதுவும் ஜெயித்து முடிந்த ஆட்டத்தில், கடைசி நேரத்தில் சர்வீஸ் போட மட்டுமா? மற்ற நாளெல்லாம் பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாயா?

1991 டிசம்பரில் நீ லீவுக்கு வந்தாயே, நினைவிருக்கிறதா. தருமபுரி பஸ் நிலையத்தில் இறங்கினாய். நீல டிராக் சூட், முதுகில் கல்லூரி பெயர் வெள்ளை எழுத்தில். நான் ரெக்சின் பையோடு மறுபக்கம் நின்றிருந்தேன். எங்கள் ஊர்க் கல்லூரி அணிக்கு அந்த வருடம் பனியன்கூடப் பாதிப் பேருக்குத்தான் வந்தது. எனக்கு வந்த பனியனில் எண்ணே இல்லை, சுண்ணாம்பில் எழுதிக்கொண்டேன். உன்னைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டேன், உண்மைதான். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வயிறு எரிந்தது. அப்புறம் ஆறு மாதம் நான் கடிதம் போடாமல் இருந்ததற்குத் தேர்வு என்று காரணம் சொன்னேன். தேர்வெல்லாம் இல்லை. அந்த டிராக் சூட்தான்.

அந்த வருடம் நான் எங்கள் கல்லூரிக்காக ஆடாத மேட்ச் ஒன்றுகூட இல்லை. அது எனக்குப் பெரிதாகவே தெரியவில்லை. நீ மெட்ராஸில் உண்மையான வாலிபால் ஆடிக்கொண்டிருக்கிறாய், நான் இங்கே மண்ணைக் கிளப்பிக்கொண்டிருக்கிறேன் என்றே நினைத்தேன். நீயும் திருத்தவில்லை. கடிதத்தில் மெரினா எழுதினாய், எந்த அணி வந்தது, எவன் எப்படி அடித்தான் என்று எழுதினாய். இப்போது யோசித்தால், நீ என்ன ஆடினாய் என்று ஒரு வரிகூட இல்லை. பெஞ்ச்சில் இருப்பவனுக்குத்தானே அவ்வளவு நன்றாகத் தெரியும்.

சுடர் இன்னொன்றும் சொன்னாள். உன் பயிற்சியாளர், "உன்னைப் போல் பந்து எடுக்க ஆள் இல்லை, ஆனால் முன்வரிசைக்குச் சுற்றி வந்தால் உன் தலைக்கு மேல் அடிக்கிறான்" என்பாராம். லிபரோ என்ற இடமே சர்வதேச ஆட்டத்துக்கு 1998-ல்தான் வந்தது. நீ படித்து முடித்தது 1994. நான்கு வருடம், மாது. இன்னும் சில வருடம் முன்னால் வந்திருந்தால்! "மாமா என் இடத்தில்தான் ஆடியிருக்கவேண்டியவர்" என்று அவள் சொன்னபோது நான் எழுந்து தோப்புப் பக்கம் போய்விட்டேன்.

34 வருடம் என்னிடம் சொல்லாததை அவளிடம் 47 நிமிடத்தில் சொல்லியிருக்கிறாய். கோபம்தான். ஆனால் என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அந்த வயதில் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருப்பேன். உனக்கு அது தெரிந்திருக்கும்.

அவளைச் சென்னைக்கு அனுப்ப நான் அப்படித் துடித்ததும் அந்த நீலத்தைப் பார்த்துத்தான். அவள் அந்த உடையில் நம் பஸ் நிலையத்தில் இறங்குவாள், நான் மறுபக்கம் நிற்பேன். அவ்வளவுதான் என் திட்டம். அவள் ஆடுவாளா என்பது அதில் இல்லவே இல்லை.

உன் கார்த்திக்கும் இதில் கூட்டாளி என்று தெரிந்தது. ஒஹையோவிலிருந்து அவளுக்குப் பாடம் எடுத்திருக்கிறான். அங்கே கல்லூரி விளையாட்டில் மூன்றாம் பிரிவு என்று வைத்திருக்கிற கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை ஒரு காசு தருவதில்லையாம். இருந்தும் பிள்ளைகள் தேடிப்போய்ச் சேர்கிறார்களாம், ஆட இடம் கிடைக்கிறது, நினைத்த பாடத்தைப் படிக்கலாம் என்று. கென்யன் என்று ஒரு கல்லூரி, இரண்டாயிரம் பேர்கூடப் படிக்காத இடம், 1980-லிருந்து 2010 வரை அந்தப் பிரிவில் ஆண்கள் நீச்சலில் 31 வருடம் தொடர்ந்து சாம்பியன் என்றாள். "அங்கே நீச்சல் குளம் இருக்கும், இங்கே நெட்டே முனியப்பன் வீட்டில் இருக்கிறது" என்றேன். சிரித்தாள். நான்கு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

பயம் போய்விட்டது என்று நினைக்காதே. அணியில் மொத்தம் ஒன்பது பெண்கள், அதில் இரண்டு பேர் கபடியிலிருந்து இழுத்துவந்தவர்கள். மழை பெய்தால் தரை வயல். ஜிம் கிடையாது. பலமாக அடிக்கிற ஆளே எதிரில் இல்லாவிட்டால் இவள் கை எப்படிப் பழகும்? அதற்கு மட்டும் ஒரு வழி செய்திருக்கிறேன்: மாலையில் நம் பையன்களோடு ஆட விடுகிறேன், முரளி மகன் அடிக்கிற அடிக்கு நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த பி.டி. மேடத்துக்கு மாறுதல் வந்துவிட்டால்? அரசு வேலை, எந்த ஜூனிலும் வரலாம். இதை நினைத்தால் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது. சுடரிடம் சொன்னால், "வந்தால் பார்க்கலாம்" என்கிறாள். உன் வாய்.

ஆடிப் பதினெட்டுக்கு வா. சாக்குச் சொல்லாதே, முழங்காலுக்குப் படி ஏறவேண்டாம், கீழ் அறையையே தருகிறேன். நீ உருண்டு எழுகிற அந்த வித்தையை நான் சொல்லித்தந்தால் அவளுக்கு முதுகு உடைகிறது. நீ நாற்காலி போட்டு உட்கார்ந்து கத்தினால் போதும். ஊரே சிரிக்கட்டும்.

ஒரு பெட்டி மல்கோவாவை நாளைக் காலைக் கோவை பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். கண்டக்டரிடம் உன் நம்பர் கொடுத்திருக்கிறேன், போன் அடித்தால் எடு. மேல் வரிசை பழுத்தது, அடி வரிசைக்கு நான்கு நாள் ஆகும்.

அந்த டிராக் சூட் இன்னும் இருக்கிறதா? கேட்பது நானில்லை, சுடர். கால் நீளத்தை வெட்டித் தைத்துக்கொள்வாளாம், காலைப் பனிக்கு. இருந்தால் எடுத்துக்கொண்டு வா. தூக்கிப் போட்டிருந்தால் அதையும் அவளிடமே சொல்லிவிடு, என்னிடம் வேண்டாம்.

உன்
முருகேசன்

பி.கு.: நாம் இன்னும் சண்டை போடுகிற அந்தப் பென்னாகரம் மேட்ச் பந்து அவுட்தான்.