நிறுவாமலே ஓடும் பைத்தான்: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் பிடித்து வாசல்வரை நடக்கிறார்கள் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே ஆடிச் சாரல் விடாமல் அடிக்கிறது. துணி காயவில்லை, மின்சாரம் நினைத்த நேரம் போய் வருகிறது. மற்றபடி எல்லோரும் சுகம்.

"பிள்ளைகள் லேப்பில் பைத்தான் போட்டுப் பார்க்கிறார்களா, இன்னும் கரும்பலகைதானா?" என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போகிறது. பொறுமையாகப் படி. கடைசியில் உன்னிடம் ஒரு உதவியும் கேட்கப்போகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் பைத்தான் என்ற புரோகிராம் மொழி வந்து சில வருடங்கள் ஆகின்றன. எங்கள் லேப்பில் இருபது கணினிகள், அவற்றில் பதினேழு ஓடுகின்றன. ஒன்றில்கூடப் பைத்தான் கிடையாது. போடலாம் என்றால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். அதைத் தெரிந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். எழுதிக் கேட்டேன், போன் போட்டுக் கேட்டேன், நடக்கவில்லை. இரண்டு வருடம் பிள்ளைகள் நோட்டில் புரோகிராம் எழுதி, அவுட்புட்டையும் தாங்களே எழுதினார்கள். ஓடாத புரோகிராமுக்கு நான் டிக் போட்டுக்கொண்டிருந்தேன். அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று உனக்குத் தெரியும்.

அந்தக் கணினிகளில் ஓரளவு புதிதாக இருந்தது பிரவுசர் மட்டும்தான். அதற்குள்ளேயே பைத்தானை ஓட்ட முடியுமா என்று தேடப் போய்த்தான் பயோடைடு கிடைத்தது.

பாளையங்கோட்டையில் நாம் படித்தபோது ஜாவா ஆப்லெட் (வெப் பக்கத்துக்குள் ஓடும் குட்டி புரோகிராம்) பார்த்தோமே, நினைவிருக்கிறதா? மூன்று பேருக்கு ஒரு கணினி. பக்கத்தின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம் வந்து நிற்கும். "ஏட்டி, இது எப்போ ஓடும்?" என்று நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். அந்தச் சதுரம் பிரவுசரின் சொந்தச் சரக்கு இல்லை. வெளியிலிருந்து ஒரு பிளக்இன்னைத் தனியாகப் போட்டால்தான் அது ஓடும். பாதுகாப்பு ஓட்டைகள் பெருகிப்போய், 2015-ல் குரோம் அந்த வகைப் பிளக்இன்களையே கைவிட்டது. இப்போது நடப்பது வேறு. வெப்அசெம்பிளி என்ற புரோகிராம் வடிவம் 2017-க்குள் நான்கு பெரிய பிரவுசர்களிலும் வந்துவிட்டது, 2019 டிசம்பரில் அதிகாரபூர்வ வெப் தரமும் ஆனது. சி மொழியில் எழுதிய ஒன்றை அந்த வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்தால், எந்தப் பிளக்இன்னும் இல்லாமல் பிரவுசரே அதை ஓட்டும். பைத்தான் வரிகளைப் படித்து ஓட்டும் இன்டர்பிரட்டர் சி மொழியில் எழுதப்பட்டது. அதை அப்படியே மாற்றிக் கொண்டுவந்ததுதான் பயோடைடு. 2018-ல் பயர்பாக்ஸ் பிரவுசரை உருவாக்கும் மோசில்லாவில் மைக்கேல் டிரோட்பூம் தொடங்கினார். படம் வரையும் மேட்பிளாட்லிப்பை முன்பு முன்னின்று நடத்தியவரும் அவர்தான். 2021-ல் மோசில்லாவிலிருந்து பிரிந்து, தன்னார்வலர்கள் நடத்தும் தனித் திட்டமாகிவிட்டது.

நீ எப்போதும் சர்வர் பக்கமே வேலை பார்ப்பவள் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். இதற்கு முன்பே வேறொரு வழி இருந்தது. ஸ்கல்ப்ட், பிரைத்தான் என்று இரண்டு. நாம் எழுதும் பைத்தானை அவை அங்கேயே பிரவுசருக்குப் புரியும் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு மாற்றி ஓட்டும். சமையல் குறிப்பை மட்டும் வாங்கி வந்து நம் வீட்டுப் பாத்திரத்தில் சமைப்பது போல என்று வைத்துக்கொள். பயோடைடு சமையற்காரரையே அண்டா, கரண்டியோடு அழைத்து வருவது. சுமை அதிகம்தான், பத்துப் பன்னிரண்டு மெகாபைட் இறங்க வேண்டும். ஆனால் கைப்பக்குவம் மாறாது. பாடப்புத்தகத்தில் இருக்கும் அதே பைத்தான், அதே பிழைச் செய்தி, வரி எண் உட்பட. இரண்டின் நூறாவது அடுக்கைக் கேட்டால் 31 இலக்கமும் சரியாக வரும். எனக்கு முக்கியம் பிழைச் செய்திதான். ஒரு பிள்ளை வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியை (இன்டென்டேஷன்) தப்பாகப் போட்டால் அசல் பைத்தான் எப்படிக் கோபிக்குமோ அப்படியே கோபிக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்குக் கல்லூரியில் போய் முழிப்பார்கள்.

வேகம் குறைவு என்பது உண்மை. வழக்கமான பைத்தானைவிட மூன்றிலிருந்து ஐந்து மடங்கு மெதுவாக ஓடும் என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். பைத்தானே இன்டர்பிரட்டர், அந்த இன்டர்பிரட்டர் வெப்அசெம்பிளிக்குள் உட்கார்ந்திருக்கிறது, அதற்கும் கீழே பிரவுசர். ஆனால் பகா எண்களைக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு அரை வினாடி இரண்டு வினாடியானால் என்ன? ரெண்டு வருடம் காத்திருந்தவர்கள் அவர்கள்.

சரி, எப்படிப் போட்டேன் என்று சொல்கிறேன். எங்கள் லேப் இன்டர்நெட் பதினேழு கணினிக்குத் தாங்காது. அதனால் வீட்டிலேயே முழுவதையும் இறக்கி என் லேப்டாப்பில் வைத்துக்கொண்டேன். எல்லா நூலகங்களும் (தயாராக எழுதி வைத்த புரோகிராம் தொகுப்புகள்) சேர்ந்தால் சில நூறு மெகாபைட் வரும். நமக்குத் தேவையான அடிப்படை மட்டும் என்றால் சின்னதுதான். முதலில் பென்டிரைவில் போட்டு ஒவ்வொரு கணினியிலும் திறந்தேன். ஒன்றிலும் ஓடவில்லை. கோப்பை டபுள்கிளிக் செய்து திறக்கும் பக்கம் பக்கத்துக் கோப்புகளைத் தானாக எடுத்துப் படிக்கப் பிரவுசர் அனுமதிக்காது. கேட்கும் கோப்புகளை எடுத்துக் கொடுக்க ஒரு சர்வர் இருந்தே ஆக வேண்டும். அப்புறம் என் லேப்டாப்பிலேயே பைத்தானோடு வரும் சின்ன சர்வரை ஓட்டி, பழைய ரவுட்டர் ஒன்றை நடுவில் வைத்து, எல்லாக் கணினியிலும் 192.168 என்று தொடங்கும் முகவரியை அடிக்கச் சொன்னேன். இன்டர்நெட்டே வேண்டியதில்லை. யாருடைய பாஸ்வேர்டும் வேண்டியதில்லை.

முதல் தடவை பக்கம் திறக்கப் பதினைந்து வினாடி ஆனது. பதினேழு திரையிலும் ஒரே நேரத்தில் "தயார்" என்று வந்தபோது லேப்பில் ஒரு சத்தம் வந்தது பார், தலைமையாசிரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாளே சிக்கல். ஒரு பையன் திரும்பத் திரும்ப ஓடும் வைல் லூப்பில் எண்ணைக் கூட்ட மறந்துவிட்டான், அது முடிவில்லாமல் சுற்றியது. பக்கம் அப்படியே உறைந்துவிட்டது. பட்டனை அழுத்தினால் அசையவில்லை, டேபையே மூட வேண்டியிருந்தது, எழுதியது போயிற்று. பிரவுசரில் பக்கத்தை வரைவதும் நம் புரோகிராமை ஓட்டுவதும் ஒரே வரிசையில் நிற்பவை. முன்னால் நிற்பவர் நகராவிட்டால் பின்னால் யாருக்கும் வழியில்லை. இதற்கு மருந்து, பைத்தானை வெப் வொர்க்கர் என்ற தனி அறைக்கு அனுப்பிவிடுவது. பக்கம் தன் பாட்டுக்கு இருக்கும், உள்ளே லூப் சுற்றினாலும் "நிறுத்து" பட்டன் வேலை செய்யும்.

ஆனால் அந்த அறையிலிருந்து இன்புட் கேட்க முடியாது. முன்பு இன்புட் வந்தால் ஒரு குட்டிப் பெட்டி எழும், பிள்ளை பதிலை அடிக்கும், பைத்தான் அதுவரை காத்திருக்கும். வொர்க்கருக்குள் அந்தப் பெட்டி கிடையாது. நம் பாடப்புத்தகத்தில் பாதிப் புரோகிராம் இன்புட்டில்தானே தொடங்குகிறது!

இரண்டும் சேர்ந்து நடக்க ஒரு வழி உண்டு. பக்கமும் வொர்க்கரும் பகிர்ந்துகொள்ளும் நினைவகம், ஷேர்டு அரே பஃபர். வொர்க்கர் அதில் கண் வைத்துத் தூங்கும், பக்கம் பதிலை அதில் எழுதி எழுப்பும். நிறுத்தச் சொல்வதையும் அதே வழியாகச் சொல்லலாம். சர்வர் பக்கத்தோடு சேர்த்து இரண்டு சிறப்புக் குறிப்புகளை (ஹெட்டர்) அனுப்பினால்தான் பிரவுசர் இதைத் திறந்துவிடும் என்று படித்தேன். சர்வரில் அந்த இரண்டு வரியைச் சேர்த்தேன். வீட்டில் என் லேப்டாப்பில் அழகாக ஓடியது. இரவு பதினொன்றரைக்கு நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் லேப்பில் ஒரு கணினியிலும் ஓடவில்லை. என் லேப்டாப்பில் மட்டும் ஓடுகிறது. ஹெட்டரைப் பார்த்தேன், பிரவுசர் பதிப்பைப் பார்த்தேன், ரவுட்டரைக்கூடச் சந்தேகப்பட்டேன். இரண்டு நாள் போனது. காரணம் கடைசியில் முகவரியில் இருந்தது. நான் வீட்டில் திறந்தது லோக்கல்ஹோஸ்ட். தன் கணினியிலிருந்தே வருவதைப் பிரவுசர் பாதுகாப்பானதாக எடுத்துக்கொள்ளும். பிள்ளைகள் திறந்தது 192.168. எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாமல் வேறு கணினியிலிருந்து வரும் பக்கத்துக்குப் பகிர்ந்த நினைவகம் கிடையவே கிடையாது. 2018-ல் பிராசசர்களில் ஸ்பெக்டர் என்ற ஓட்டை வெளியானபோது அந்த வசதியை எல்லாப் பிரவுசர்களும் அடைத்துவிட்டு, பிறகு கடுமையான நிபந்தனையோடுதான் திறந்தன. ஒரு பக்கம் இன்னொன்றின் ரகசியத்தை நேரத்தை அளந்தே ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக. அந்தக் காவல் நியாயமானதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

நானே ஒரு சான்றிதழ் தயாரித்து எச்டிடிபிஎஸ் போட்டிருக்கலாம். அப்போது பதினேழு திரையிலும் "இந்தத் தளம் பாதுகாப்பற்றது" என்று எச்சரிக்கை வரும், அதைத் தாண்டிப் போகும் வழியைப் பிள்ளைகளுக்கு நானே கற்றுக்கொடுக்க வேண்டும். நாளைக்கு வங்கிப் பெயரில் ஒரு போலிப் பக்கம் வந்தாலும் அதே பட்டனைத்தான் அழுத்துவார்கள். அதை நான் செய்ய மாட்டேன்.

இப்போதைக்கு ஓர் ஏற்பாடு. புரோகிராம் எழுதும் பெட்டிக்குக் கீழே இன்னொரு பெட்டி. இன்புட்டுக்குத் தரவேண்டிய பதில்களை வரிக்கு ஒன்றாக முன்கூட்டியே அதில் எழுதிவிட வேண்டும், பைத்தான் கேட்கக் கேட்க ஒவ்வொரு வரியாகப் போகும். நிறுத்த வேண்டுமென்றால் வொர்க்கரையே கொன்றுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறேன். கோப்புகள் ஏற்கெனவே இறங்கியிருப்பதால் நாலைந்து வினாடியில் எழுந்துவிடும்.

வேறு குறைகளும் உண்டு. பைத்தானிலிருந்து சி++ புரோகிராமை அழைக்கும் பாடத்தை இதில் செய்யவே முடியாது, பிரவுசருக்குள் இன்னொரு புரோகிராமைத் தொடங்க வழியில்லை. படம் வரையப் பயன்படும் டர்டில் நூலகம் இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கோலம் வரைய ஆசைப்பட்டார்கள், அவர்களுக்கு ஸ்கல்ப்ட்டைப் போட்டுக் கொடுத்தேன், அதில் டர்டில் இருக்கிறது. அட்டவணையைக் காற்புள்ளியிட்டு எழுதும் சிஎஸ்வி பாடத்தில் மதிப்பெண்களைக் கோப்பில் எழுதினார்கள், ஒருத்தி ரெஃப்ரெஷ் அழுத்தினாள், கோப்பைக் காணோம். அந்தக் கோப்பு டிஸ்க்கில் இல்லை, நினைவகத்தில் மட்டும் இருந்தது. அவளுக்குச் சொல்லப்போய் அன்றைய வகுப்பு முழுவதும் நினைவகத்துக்கும் டிஸ்க்குக்கும் உள்ள வேறுபாட்டிலேயே கழிந்தது. நல்ல வகுப்பு.

இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று ஒரு பெண் கேட்டுப் பார்த்தாள். பைத்தான் 5 என்றது. "மிஸ், மூணுதானே?" என்றாள். த, ம, இகரத்தின் மேல்விலங்கு, ழ, புள்ளி என்று யுனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறை ஐந்தாகப் பிரித்து வைத்திருப்பதைப் பலகையில் எழுதிக் காட்டினேன். மேல்விலங்கும் புள்ளியும் 'குறி' என்ற வகையில் வருபவை, யுனிகோடுடேட்டா என்ற நூலகத்தைக் கேட்டால் அது சொல்லும் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன். பத்து நிமிடத்தில் குறிகளை விட்டுவிட்டு எண்ணும் ஃபங்ஷனை எழுதிவிட்டாள். 3 வந்தது. உடனே பக்கத்துப் பெண் 'க்ஷ' கொடுத்தாள், 2 வந்தது. இரண்டு பேரும் மணி அடித்த பிறகும் எழவில்லை. நோட்டில் அவுட்புட் எழுதிக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

தமிழ்ச் சொற்களால் நிரல் எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியும் பைத்தானில்தான் எழுதப்பட்டது. அதையும் இந்தப் பக்கத்துக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும், "பதிப்பி" என்று எழுதினால் பதிப்பிக்க வேண்டும். அரைப்பரீட்சை லீவுக்கு வைத்திருக்கிறேன்.

இப்போது உதவி. முன்கூட்டியே பதில் எழுதும் பெட்டி எனக்குப் பிடிக்கவில்லை. "உன் பெயர் என்ன?" என்று கணினி கேட்டு, பிள்ளை பதில் சொல்லி, அது பெயர் சொல்லி வணக்கம் வைப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதை இந்தப் பெட்டி கெடுத்துவிடுகிறது. எனக்கு ஒரு யோசனை. வொர்க்கருக்குள் இருந்து சர்வருக்கு ஒரு கோரிக்கை அனுப்பி, பதில் வரும்வரை அசையாமல் நிற்கலாம், பிரவுசர் அங்கே அதை அனுமதிக்கிறது. எச்டிடிபிஎஸ்ஸும் தேவையில்லை. பைத்தான் இன்புட் கேட்டதும் வொர்க்கர் என் லேப்டாப் சர்வரிடம் கேட்டுவிட்டு நிற்கட்டும். பிள்ளை அடித்த பதிலைப் பக்கம் அதே சர்வருக்கு அனுப்பட்டும். சர்வர் இரண்டையும் பொருத்திக் கொடுக்கட்டும். பதினேழு பேர் ஒரே நேரத்தில் கேட்டுவிட்டு நின்றால், யாருடைய பதில் யாருக்கு என்று குழம்பாமல், பாதியில் டேபை மூடிவிட்டுப் போனவர்களுக்காகச் சர்வர் காத்துக் கிடக்காமல் எப்படி எழுதுவது? கோரிக்கைகளைப் பிடித்து வைத்துக்கொண்டு பதில் வரும்போது விடுவிப்பதுதானே உன் தினசரி வேலை. நூறு வரிக்குள் பைத்தானிலேயே எழுதித் தர முடியுமா? இல்லை, யோசனையே தப்பு என்றால் ஏன் என்று சொல்.

அம்மா நன்றாக நடக்க ஆரம்பித்ததும் அழைத்துக்கொண்டு வா. சாரல் முடிவதற்குள் வந்தால் அருவியையும் பார்க்கலாம், ஒரு வெள்ளிக்கிழமை லேப்புக்கும் வரலாம். அண்ணனையும் சின்னவளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தோழி